அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை: பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு எந்த வேலையும் கிடையாது, யாரும் எனக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஆனாலும் முன்னால் பேசிக்கொண்டே மெதுவாகப் போன ஒரு வயதான தம்பதியை எந்தப் பக்கமாக முந்துவது என்று கால் தானாக வழி தேடிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்ததும் நின்றுவிட்டேன். எங்கே போக இவ்வளவு வேகம்?

இது எனக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. 1976இல் போர்ன்ஸ்டீன் என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு ஆய்வாளர்கள் 6 நாடுகளில் 15 ஊர்களுக்குப் போய், தெருவில் நடக்கிறவர்களின் வேகத்தை அளந்து பார்த்தார்கள். ஊரின் மக்கள்தொகை கூடக் கூட நடையின் வேகமும் கூடுகிறது என்று தெரியவந்தது. பெருநகரத்தின் அவசரம் நம் மனதோடு நிற்கவில்லை, கால் வரைக்கும் இறங்கியிருக்கிறது. வார நாட்களில் அந்தக் கால் வேண்டும்தான், ரயிலைப் பிடிக்கணும், லிஃப்ட் மூடுவதற்குள் ஓடணும். லீவு நாளிலும் அதே காலோடு கிளம்பினால் நாலு இடம் பார்த்துவிட்டு வந்தாலும் ராத்திரி படுக்கும்போது அலுப்புதான் மிஞ்சுகிறது.

அதனால் நான் கீழே சொல்கிற எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வெளியே போக ஒரே ஒரு காரியம், அதுவும் நடந்து போகிற தூரத்தில். மீதி நேரத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

முந்தின நாள் ராத்திரி

சாவகாசமான நாள் என்பது காலையில் எழுந்ததும் தானாக அமைந்துவிடாது. அதற்கு முந்தின ராத்திரி ஒரு அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். கழுவாத பாத்திரத்தைக் கழுவி வைத்துவிடுங்கள், காலையில் முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கக் கூடாது. அப்புறம் ஒரு காகிதத்தில், தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் வேலைகளை எல்லாம் எழுதிவிடுங்கள்: கட்ட வேண்டிய பில், திருப்பி அழைக்க வேண்டிய ஆள், திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்றைக்குச் செய்யப்போகிறோம் என்று கிழமையைப் போடுங்கள். கிழமை போடாத பட்டியல் பாதிதான் உதவும், கிழமை போட்டால்தான் மனசு அதை விடுகிறது. காகிதத்தை மடித்து வேலைக்குக் கொண்டுபோகும் பைக்குள் வைத்துவிட்டால் நாளை அதற்கு இங்கே வேலை இல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் லீவு என்பதே அவ்வளவு பழைய ஏற்பாடு இல்லை. ஃபோர்டு கார் கம்பெனி தன் தொழிற்சாலை ஆட்களுக்கு வாரம் 5 நாள் வேலை என்று மாற்றியது 1926இல்தான். இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு நாளே லீவு உள்ளவர்கள், அதிலும் பாதி வீட்டு வேலைக்கே போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் நிலைமை அதுவென்றால், முழு நாளும் கிடைத்தால்தான் என்று காத்திருக்காதீர்கள். காலை 6 முதல் 10 வரை, அல்லது சாயங்காலம் 4 முதல் 8 வரை என்று ஒரு துண்டை எடுத்து, இந்த நேரத்தில் நான் எந்த வேலையும் செய்யப்போவதில்லை என்று வீட்டில் இருக்கிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அந்த நேரம் யாருக்காவது தேவைப்படும். வீட்டில் இன்னொருவரும் வேலை செய்கிறார் என்றால் அவருக்கும் அதே அளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தூரம்

லீவு நாளைத் தின்பது நேரக் குறைவு என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் அதைத் தின்பது தூரம். ஊரின் அந்தக் கோடியில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது என்று கிளம்பினால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, நடுவில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தது அரை மணி, அங்கே உட்கார்ந்திருந்தது மட்டும் முக்கால் மணி.

சாதாரண நடையில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகலாம். அரை மணி நடந்தால் 2.5 கிலோமீட்டர். வீட்டை நடுவில் வைத்து அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் உள்ளே கிட்டத்தட்ட 20 சதுர கிலோமீட்டர் அடங்கும். தெரு நேராகப் போகாது, குறுக்கே ரயில் பாதை வரும், ஆறு வரும், அதனால் கொஞ்சம் குறையும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒரு பெருநகரத்தில் அந்த வட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான வீடுகளும், பெயர் கூட நமக்குத் தெரியாத தெருக்களும், ஏதோ ஒரு நூலகமும், ஏதோ ஒரு பூங்காவும், நூறு வருஷத்துக் கட்டடம் ஒன்றிரண்டும் இருக்கும். நான் ஒரு தடவை எங்கள் பகுதியின் வரைபடத்தை அச்செடுத்து, வட்டம் போட்டு, நான் நடந்திருக்கும் தெருக்களுக்கு மட்டும் பென்சிலால் கோடு இழுத்துப் பார்த்தேன். எட்டு வருஷமாக அதே வீடு. பென்சில் கோடு எல்லாம் ஒரே பக்கமாக, ரயில் நிலையத்தை நோக்கி, காற்றில் சாய்ந்த மரம் மாதிரி போயிருந்தது. வடக்குப் பக்கம் முழுக்க வெறும் காகிதம்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள், பத்து நிமிஷ வேலை. எங்கே போகலாம் என்ற கேள்விக்கு அடுத்த பல மாதங்களுக்கு அந்தக் காகிதமே பதில் சொல்லும்.

விடியற்காலை

லீவு நாளில் மதியம் வரை தூங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன், வாரம் முழுக்கத் தூக்கம் கெட்டிருந்தால் உடம்பு கேட்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர் டில் ரோனபெர்க்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 2006இல் இதற்கு ‘சோஷியல் ஜெட் லேக்’ என்று பெயர் வைத்தார்கள். வேலை நாளில் ஒரு நேரம், லீவு நாளில் வேறொரு நேரம் என்று தூங்கினால், விமானத்தில் நாடு விட்டு நாடு போய் வந்த மாதிரி உடம்பின் கடிகாரம் தடுமாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் புரள்வதற்கும் திங்கட்கிழமை காலை தலை கனப்பதற்கும் இது ஒரு முக்கியமான காரணம். வழக்கமான நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகாமல் எழுந்துவிடுங்கள், பாக்கித் தூக்கத்தை மதியம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வீட்டுக்குள் விளக்குப் போட்டால் கிடைப்பது சில நூறு லக்ஸ்தான், மேகமூட்டமாக இருக்கும் நாளில் கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும், நல்ல வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஆனால் உடம்பின் கடிகாரம் இதை வைத்துத்தான் நேரத்தைச் சரிசெய்கிறது. பால்கனி போதும், ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்தாலும் பரவாயில்லை. டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஃபோன் உள்ளேயே இருக்கட்டும்.

ஒருவேளை உங்களால் இன்னும் சீக்கிரம், விடிகிற நேரத்துக்கே எழுந்து தெருவுக்கு வர முடிந்தால், வருஷத்துக்கு நாலு தடவையாவது அதைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். பெருநகரம் அமைதியாக இருக்கும் ஒரே நேரம் அது. வழக்கமாக வண்டிச் சத்தத்துக்குக் கீழே கிடக்கும் ஒலிகள் எல்லாம் அப்போது மேலே வரும்: யாரோ வாசலைப் பெருக்கும் சத்தம், ஷட்டரைத் தூக்கும் சத்தம், மூன்றாவது மாடியில் குழாய் ஓடுவது. பறவைகளை அந்த நேரத்தில் கேட்க வேண்டும். 2003இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் கிரேட் டிட் என்னும் சின்னக் குருவிகளை ஆராய்ந்தவர்கள், இரைச்சல் அதிகமுள்ள இடத்தில் வாழும் குருவி கட்டைக் குரலை விட்டுவிட்டு உச்ச ஸ்தாயியில் பாடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். வண்டிகளின் உறுமல் கீழ் ஸ்தாயியில் இருப்பதால் அதற்கு மேலே போய்ப் பாடினால்தான் இன்னொரு குருவிக்குக் கேட்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் தெருவில் எந்தக் குருவி கத்தினாலும் நான் நின்று கேட்கிறேன்.

எங்கள் பகுதியில் மூடிக் கிடக்கும் ஒரு கடையின் படிக்கட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று பேர் உட்கார்ந்து செய்தித்தாள் அடுக்குவார்கள். ஞாயிறு என்பதால் தாள் தடிமனாக இருக்கும், உள்ளே இணைப்பு தனியாக வரும். அவர்களில் நடுவில் இருப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டு நான் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். இடது கட்டை விரலால் தாளைப் பாதி திறப்பார், வலது கை இணைப்பை உள்ளே நழுவவிடும், அதே வீச்சில் தாள் மூடி அடுக்கின் மேல் போய் விழும். கண் தாளில் இருக்காது, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார். விரல் நுனிகள் மையில் கறுத்திருக்கும், சட்டையில் மட்டும் ஒரு பொட்டு மை இருக்காது. ஏழு மணிக்குப் போனால் அந்தப் படிக்கட்டில் அறுந்த கட்டுக்கயிறு மட்டும்தான் கிடக்கும்.

எப்படி நடப்பது

மெதுவாக நடப்பது கேட்க எளிது, கால் கேட்காது. அதற்கு நான் கையாளும் வழி, முதல் ஐந்து நிமிஷம் யாரையும் முந்துவதில்லை என்று வைத்துக்கொள்வது. முன்னால் போகிறவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி, அவருக்குப் பின்னாலேயே. ஐந்து நிமிஷத்தில் கால் அடங்கிவிடும். சின்னக் குழந்தையோடு போனால் இந்தப் பாடமே தேவையில்லை, அது ஒவ்வொரு சாக்கடை மூடிக்கும் ஒவ்வொரு பூனைக்கும் நின்றுதான் வரும். வயதான அம்மா அப்பாவோடு போனாலும் அப்படித்தான், அவர்கள் வேகமே நம் வேகம். ‘சீக்கிரம் வாங்க’ என்ற வார்த்தையை அன்றைக்கு ஒரு நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டு தெரு பிரிகிற இடத்தில் சின்னத் தெருவாகப் பார்த்துத் திரும்புங்கள். வழி தவறினால் தவறட்டும், 2.5 கிலோமீட்டருக்குள்தானே இருக்கிறோம். கட்டடங்களின் முதல் மாடிக்கு மேலே பாருங்கள். கீழ்த்தளத்தைக் கடைக்காரர்கள் கண்ணாடியும் பெயர்ப்பலகையுமாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மேலே யாரும் கை வைப்பதில்லை. பழைய ஜன்னல், தேய்ந்த சுதை வேலை, உச்சியில் கட்டிய ஆண்டு, ஒரு காலத்தில் அங்கே இருந்த கடையின் மங்கிய எழுத்து எல்லாம் மேலேதான் இருக்கும். தினமும் கடந்து போகும் மருந்துக் கடையின் தலைக்கு மேல் ஆண்டு பொறித்திருப்பதை நான் ஆறு வருஷம் கழித்துத்தான் பார்த்தேன்.

அலுவலகங்கள் நிறைந்த பகுதி உங்கள் வட்டத்துக்குள் வந்தால் லீவு நாளில் அங்கே போய்ப் பாருங்கள். வார நாளில் நிற்க இடமில்லாத அந்தத் தெருவில் அன்றைக்கு உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

எங்கே உட்காருவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நகரத்தில் நல்லபடியாக உட்காரத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் உபரி.

1970களில் வில்லியம் எச். வைட் என்பவர் நியூயார்க்கின் சின்னச் சின்னப் பொதுவெளிகளில் கேமரா வைத்துப் பல ஆண்டுகள் மக்களைப் படம்பிடித்தார். சில இடங்களில் கூட்டம் மொய்க்கிறது, பக்கத்திலேயே அதைவிட அழகான இடம் வெறிச்சோடிக் கிடக்கிறது, ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி. வெயிலா, அழகா, பரப்பளவா என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் வந்து சேர்ந்த பதில் ரொம்பச் சாதாரணமானது: உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள். அதோடு இன்னொன்றும் பார்த்தார். மக்கள் வாயால் தனிமை வேண்டும் என்பார்கள், போய் உட்காருவது என்னவோ மற்றவர்கள் இருக்கும் இடத்தில்தான். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் உட்காருவதற்கு முன் அதை ஒரு சாண் இப்படியோ அப்படியோ நகர்த்துகிறார்கள், பல நேரம் எந்தப் பயனும் இல்லாமலேயே. அந்த இடம் அப்போது அவர்களுடையது ஆகிவிடுகிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று. ஒன்று, பூங்காவின் ஒதுக்குப்புறத்தைத் தேடிப் போகாதீர்கள், ஆட்கள் நடமாடும் ஓரத்தில் உட்காருங்கள். இரண்டு, முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ செடிவரிசையோ இருக்கட்டும், முன்னால் பார்வை திறந்திருக்கட்டும். பின்னால் ஆள் போய்வந்துகொண்டிருந்தால் மனசு ஓயாமல் திரும்பிப் பார்க்கும். மூன்றாவது, தனியாகப் போகும் பெண்களுக்கு ரொம்ப முக்கியம்: ஒரு பொதுவெளி நன்றாக இருக்கிறதா என்பதற்கு வைட் சொன்ன அடையாளங்களில் ஒன்று, அங்கே பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. நல்ல இடங்களில் பெண்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. புது இடத்துக்குப் போனால் நுழைவாயிலில் ஒரு நிமிஷம் நின்று அதை எண்ணிப் பாருங்கள். பெண்கள் தனியாகவும் ஜோடியாகவும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் உள்ளே போகலாம், இல்லையென்றால் மனசு சொல்வதைக் கேட்டுத் திரும்பிவிடலாம், அதில் தப்பே இல்லை.

உட்கார்ந்தபின் முதல் ஐந்து நிமிஷம் கஷ்டமாக இருக்கும். கை ஃபோனைத் தேடும், ஏதோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். பத்தாவது நிமிஷத்தில் கண் வேலை செய்ய ஆரம்பிக்கும். விடைபெறுகிறவர்களைப் பாருங்கள். சரி வரேன் என்பார், இரண்டடி போவார், ஏதோ ஞாபகம் வந்து திரும்புவார், மறுபடி ஐந்து நிமிஷம் பேச்சு, மறுபடி சரி வரேன். அதுவும் ஓரமாக நின்று பேசமாட்டார்கள், ஆட்கள் போகிற வழிக்கு நட்டநடுவில் நிற்பார்கள். வைட்டும் இதையே படம்பிடித்திருக்கிறார், பேச நிற்கிறவர்கள் கூட்டத்தை விட்டு ஒதுங்குவதில்லை, அதன் மையத்துக்கே வந்து நிற்கிறார்கள். எரிச்சலோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு போகும் வார நாளில் இது கண்ணில் படுவதே இல்லை.

அந்த ‘ஒரே ஒரு காரியம்’

நூலகம் என் முதல் தேர்வு. உட்கார இடம் உண்டு, காசு கேட்கமாட்டார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறாய் என்று யாரும் பார்க்கமாட்டார்கள். வழக்கமாகப் போகும் அடுக்குக்குப் போகாமல் புது அடுக்குக்குப் போங்கள். உலகத்தின் பல நூலகங்களில் புத்தகத்தின் முதுகில் இருக்கும் எண், பொருள்வாரியாக எண் கொடுக்கும் ட்யூயி முறைப்படி போட்டது. 598 என்றால் பறவைகள், 635 என்றால் தோட்டம், 910 என்றால் பயணம். காலையில் குருவிச் சத்தம் கேட்டுவிட்டு 598க்கு முன்னால் போய் நிற்பது எனக்குப் பிடித்த ஒன்று. புத்தகத்தை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை, படம் பார்த்தாலும் போதும்.

அருங்காட்சியகம் என்றால் ஒரு எச்சரிக்கை. பாஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் என்பவர் 1916இலேயே ‘அருங்காட்சியகக் களைப்பு’ பற்றி எழுதிவிட்டார். ஒருவரைக் காட்சிப்பொருட்களைப் பார்க்கச் சொல்லி, அவர் எப்படியெல்லாம் குனிந்தும் எக்கியும் மடங்கியும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே எடுத்துக் காட்டினார். குற்றம் நம் ரசனையில் இல்லை என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி. எனவே எல்லா அறைக்கும் போகாதீர்கள். ஒரே அறை, அதில் ஐந்து பொருள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஐந்து நிமிஷம். விளக்க அட்டையைக் கடைசியில் படியுங்கள், முதலில் படித்தால் கண் அதோடு திருப்தியாகி நகர்ந்துவிடும்.

நடக்கும் தூரம் என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு தருகிறேன். பஸ் பயணம். எங்கேயும் போய்ச் சேருவதற்காக இல்லாமல், வீட்டுக்குப் பக்கத்தில் கிளம்பும் ஒரு பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போய், அதே பஸ்ஸில் திரும்புங்கள். லீவு நாள் காலையில் இடம் கிடைக்கும். பெயர்ப்பலகையில் மட்டும் படித்த ஊர்கள் எல்லாம் அப்போதுதான் உண்மையில் இருக்கின்றன என்று தெரியும்.

மதியம்

வீட்டுக்கு வந்துவிடுங்கள். மதிய நேரத்தில் நகரத்தில் அலைவதில் எந்தச் சுகமும் இல்லை.

வெயில் இருந்தால் படுக்கை விரிப்பையும் தலையணை உறைகளையும் துவைத்துக் காயப்போட்டுவிடுங்கள், இதைக் கட்டாயம் செய்யச் சொல்கிறேன், காரணம் ராத்திரி தெரியும். சாப்பிட்டபின் வரும் அசதி சாப்பாட்டால் மட்டும் வருவது இல்லை, மதியத்தில் விழிப்பு சற்றுத் தணிவது உடம்பின் இயல்பான ஓட்டம், சாப்பிடாமல் இருந்தாலும் வரும். ஆகவே குற்ற உணர்ச்சி இல்லாமல் படுங்கள். 20 நிமிஷத்துக்கு அலாரம் வையுங்கள். அதைத் தாண்டி ஒரு மணி நேரம் போய்விட்டால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ வேண்டி வரும், தலை சுற்றும், சாயங்காலமே கலங்கிப்போகும். எழுந்து காபி குடிப்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

அதன்பின் கைக்கு ஒரு சின்ன வேலை. செருப்பைத் துடைத்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, அறுந்த பொத்தானைத் தைப்பது, பேனாவில் மை நிரப்புவது. பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம். கண்ணெதிரே முடிகிற வேலையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

மழை வந்தால் நாள் போச்சு என்று நினைக்காதீர்கள். முதல் துளிகள் விழும்போது ஜன்னலருகில் இருங்கள். மண்வாசனை என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம், ஆங்கிலத்தில் அதற்கு ஒரு தனிப் பெயரை 1964இல்தான் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் உண்டாக்கினார்கள். அந்த வாசனையின் முக்கியமான பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். துளி மண்ணில் விழும்போது அடியில் மாட்டிக்கொண்ட காற்று குமிழியாக மேலே வந்து உடைகிறது, அப்போது நுண்ணிய திவலைகள் வாசனையைச் சுமந்துகொண்டு தெறிக்கின்றன. தூறலிலும் மிதமான மழையிலும்தான் இது நன்றாக நடக்கும், அடித்துப் பெய்தால் குறைந்துவிடும். சிமெண்ட் போட்ட தெருவாக இருந்தாலும் ஒரு பூந்தொட்டி இருந்தால் போதும், அதன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள்.

சாயங்காலம்

சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னால் மொட்டைமாடிக்கோ, திறந்த இடம் எதற்கோ போய்விடுங்கள். போகிற வழியில் மேற்குப் பார்த்த ஏதாவது ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் போன பின்னும் அது சூடாக, ஒரு பெரிய மிருகத்தின் முதுகு மாதிரி இருக்கும். பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தைக் கல்லும் சிமெண்டும் ராத்திரி வரை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும், நகரம் கிராமத்தைவிட ராத்திரியில் சூடாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அங்கிருந்து மரங்கள் அடர்ந்த பக்கம் இருபதடி நடந்தால் காற்று மாறுவது கன்னத்தில் தெரியும். சாயங்காலம் உட்கார மரத்தடியையோ நீர்நிலையையோ தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

சூரியன் இறங்கியதும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் இருங்கள். அடுத்த இருபது நிமிஷத்தில் தலைக்கு நேர் மேலே வானம் ஒரு ஆழமான நீலத்துக்குப் போகும். பகலின் நீலம் அல்ல இது, அந்த நேரத்து ஒளி வெகுதூரம் வளிமண்டலத்தில் சாய்ந்து வருவதால் மேலே இருக்கும் ஓசோன் அதிலுள்ள மஞ்சளையும் சிவப்பையும் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. அதே சமயத்தில் எதிர்க் கட்டடங்களில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு வரும்.

நகரத்தில் நட்சத்திரம் தெரியாது என்று வருத்தப்படுகிறோம், கோள்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வெள்ளியும் வியாழனும் எந்த விளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரியும், மின்னாமல் நிலையாக ஒளிர்வதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பௌர்ணமி அன்றைக்குச் சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டியே கிழக்கில் நிலா எழும், அதற்கடுத்த ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிஷம் தாமதமாகும். பௌர்ணமி எந்த வாரக்கடைசிக்குப் பக்கத்தில் வருகிறது என்று நாட்காட்டியில் பார்த்து வைத்துக்கொண்டால் அன்றைக்குப் போக வேண்டிய இடம் முடிவாகிவிட்டது, கிழக்கு திறந்திருக்கும் ஏதாவது ஒரு மாடி. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிஷத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. உங்கள் ஊருக்கு மேல் அது எப்போது கடக்கும் என்பதை நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலியில் பார்க்கலாம். அந்தி நேரத்துக் கடப்பு ஒன்று வாய்த்தால் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் மாடிக்குக் கூப்பிடுங்கள். விமானம் மாதிரி விட்டுவிட்டு எரியாது, ஒரே வெளிச்சமாக, சத்தமே இல்லாமல் நாலைந்து நிமிஷத்தில் வானத்தைக் கடந்து, சட்டென்று பூமியின் நிழலுக்குள் போய் மறைந்துவிடும். உள்ளே மனுஷங்க இருக்காங்களா என்று ஒரு குழந்தையாவது கேட்கும். இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

இறங்கி வரும்போது கொடியிலிருந்து விரிப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். வெயிலில் காய்ந்த துணி கொஞ்சம் விறைப்பாக இருக்கும், மடிப்பில் மூக்கை வைத்தால் மதியத்தின் வாசம் இன்னும் அடிக்கும். அதை இழுத்து விரித்து, மூலைகளைச் சொருகி, வழக்கமான நேரத்துக்கே விளக்கை அணைத்துவிடுங்கள்.